பதினொன்று நான்கு

ஜோஹானஸ்பர்க், பதினான்காம் மாடி.
டெண்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மேசை,
மேசையில் ரப்பர் முத்திரை, மை, நான்.

உறவினர் யாரேனும் போட்டியில் உண்டா என்ற கட்டத்தில்
உண்டு என்று எழுதியிருந்தேன்.
விலை பார்க்கும் அறையில் எனக்கு இடமில்லை.
கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொள் என்றார்கள்.

வீட்டிலும் அப்படித்தான்.
ஆறு மாதம் சாப்பாட்டு மேசையில் கணக்குப் போட்டான் சகாதேவன்;
நான் தண்ணீர் எடுக்க வந்தால்கூட
கால்குலேட்டரைக் கவிழ்த்து வைப்பான்.

தொண்ணூற்றாறு மின்சார எஞ்சின்கள்,
ஆயிரத்து அறுபத்தேழு மில்லிமீட்டர் தண்டவாளத்துக்கு.
சீனக் கம்பெனி முந்தின நாளே வந்து
பெட்டியின் வாய் எத்தனை அகலம் என்று அளந்துகொண்டு போயிற்று.
ஜெர்மன்காரர்கள் ஒன்பதரைக்கு, தள்ளுவண்டியோடு.
இன்னொருவர், பெயர் வேண்டாம்,
பேனா ஒன்று தந்தார். நல்ல பேனா. திருப்பிக் கொடுத்தேன்,
மூடி மட்டும் எப்படியோ என்னிடமே தங்கிவிட்டது.

பத்து ஐம்பதுக்கு மின்சாரம் நின்றது.
ஜெனரேட்டர் விளக்குக்கு உண்டு, லிஃப்டுக்குக் கிடையாது.
படிக்கட்டில் யாரோ ஏறும் சத்தம்.
ஒன்பதாம் மாடி இருக்கும், ஏதோ கனமாய் விழுந்தது.
எழுந்து போகவில்லை நான்.

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்தான்.
நெஞ்சோடு மூன்று பெட்டிகள்,
ஜெர்மிஸ்டன் பட்டறையின் பச்சை நாடா,
காலையில் நான் இஸ்திரி போட்ட சட்டை
முதுகில் ஒட்டிக் கிடந்தது.

பதினொன்று நான்கு.

மோகலே என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.
மின்சார எஞ்சினின் விலை
மின்சாரம் இல்லாததால் பிந்தியது என்றெழுத
படிவத்தில் கட்டம் இல்லை.
'தாமதம். பிரிக்கப்படவில்லை.'
முத்திரை சரியாக விழவில்லை,
இன்னொரு முறை அழுத்தினேன்.

கையெழுத்துப் போட்டுத் திருப்பி வாங்கிக்கொண்டான்,
நன்றி மேடம் என்று சொல்லி.

இரண்டு வருடம் கழித்து டர்பன் துறைமுகத்தில்
முதல் எஞ்சின் கிரேனில் தொங்கிற்று,
சக்கரம் எதையும் தொடாமல்.
டிரைவர் கழிப்பறைக்குக் கதவு மாட்டும் வேலை
பட்டறைக்குக் கிடைத்தது.
உள்நாட்டுப் பங்கு என்று அதற்குப் பெயர்.

அந்த மூன்று பெட்டிகளும் எங்கள் வீட்டில்,
வாஷிங் மிஷினுக்கு மேலே, நாடா அவிழாமல்.
ஜெயித்த விலை பேப்பரில் வந்தது, எனக்குத் தெரியும்.
மற்றது அவனுக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பீன்ஸ் கறி கொதித்துக்கொண்டிருந்தபோது
கேட்டேவிட்டேன், குறைவா என்று.
கரண்டியை எடுத்து உள்ளங்கையில் தட்டி நக்கிப் பார்த்தான்.
உப்பா, என்றான்.
சரியாகத்தான் இருக்கிறது.