நான்காம் தடம்

ராசப்ப செட்டி தெருவில் மூன்று கடை, மூன்று பொட்டலம்.
மூன்றிலும் நீலப் பேனாவில் நன்னாரி.
ஹபீப் மட்டும்
"மோந்து பாரும்மா, நம்ம சரக்கு ஊரையே தூக்கும்" என்றார்.
தூக்கியது.
பார்க் டவுனில் ஏறித் தரமணியில் இறங்கும்வரை
எதிர் இருக்கைக்காரர்
என் பையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இடித்து, சலித்து,
மெத்தனாலில் ஒரு ராத்திரி ஊறவிட்டு
காலையில் தகட்டின் அடியில்
மயிரிழைக் குழாயால் பொட்டு வைத்தேன்.
முதல் தடம், பூவும் இலையுமாக
அடையாளம் பார்த்துப் பிடுங்கிய நன்னாரி.
இரண்டாவது மாகாளி,
மாடவீதியில் ஊறுகாய்க்கு வந்த கிழங்கு.
"மூட்டைப்பூச்சி நாத்தம்" என்று
ஜெசிந்தா ஜன்னலைத் திறந்தாள்.
மூன்றாவது ஹபீப்.
மற்ற இரண்டு பொட்டலம் நாளைக்கு.

கரைப்பான் ஏறியது,
ஐப்பசிச் சுவரில் ஓதம் ஏறுகிற வேகத்தில்.
டீ குடித்தோம். ஏறிக்கொண்டே இருந்தது.

ஊதா விளக்கின் கீழே
மூன்று தடத்திலும் ஒரே உயரத்தில் ஒரு கறை.
அந்த ஆல்டிஹைடுதான் வாசனை;
பங்காளி வீடுகளில் ஒரே மூக்கு இருப்பதில்லையா.
ஆனால் நன்னாரியில் அது பென்சில் கோடு.
மாகாளியில் மை கொட்டினாற்போல.
ஹபீப், மை கொட்டினாற்போல.

அதிகம் மணத்ததால்தான் அகப்பட்டது.
இழவு வீட்டில்
பெற்ற மகளைவிட ஓங்கி அழுகிறவளை
யாரோ ஒருத்தி திரும்பிப் பார்ப்பாளே, அப்படி.

படிவத்தில் இரண்டே கட்டம்: அசல், கலப்படம்.
மாகாளி யாரிடமும்
தன்னை நன்னாரி என்று சொல்லவில்லை.
பேனா சொன்னது.
இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டேன்.

சாயம் தெளித்து நூற்றைந்து டிகிரியில் சுட்டபோது
நன்னாரித் தடத்தில் மட்டும், மிகக் கீழே,
மஞ்சளாய் ஒரு கீற்று.
ஒப்பிட எங்களிடம் மாதிரி இல்லை.
பென்சிலால் ஒரு கேள்விக்குறி.
மருந்து அதில்தான் இருக்கிறதா,
தெரியாது.

மத்தியானம் வாசலில் சர்பத் வண்டி.
ஜெசிந்தா விளையாட்டாய் ஒரு சொட்டு கொண்டுவந்தாள்.
புதுத் தகட்டில், பழைய மூன்றுக்குப் பக்கத்தில்
அதற்கும் ஓர் இடம்.
ஒரே கறை. வட்டமாய், சுத்தமாய்.
மேலே ஒன்றுமில்லை, கீழே ஒன்றுமில்லை,
மண்ணையே பார்க்காத வேர்.

இதற்குப் படிவம் கிடையாது.
வெளியே தார் உருகிக்கொண்டிருந்தது.
எலுமிச்சையை நசுக்கியபடி
"வழக்கம்போலவா?" என்றார் வண்டிக்காரர்.
சப்ஜா கொஞ்சம் தூக்கலாக, என்றேன்.