ஒதுக்கப்படாத இடம்

சிம்மக்கல்லில் எனக்கு ஃப்ளெக்ஸ் டிசைன் கடை.
லேப்டாப்புக்கு ஒன்பது வயது.
டிஸ்க் ஐந்நூறு ஜிபி என்று பெயர்,
எண்ணிப் பார்த்தால் நானூற்று அறுபத்தைந்துதான்.
அதற்குள் காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கிடாவெட்டு,
கட்சி மாறியவர்களின் பழைய வேட்டிக்கரை,
நாற்பத்தெட்டு விதமான மேகங்கள்,
கண்ணீர் அஞ்சலிக்கென்றே ஒரு புறா.

சனிக்கிழமை ஒரு மணப்பெண்ணைச் சேமிக்கப் போனேன்.
இடமில்லை என்றது.
முப்பது மேகங்களை அழித்தேன்.
பெண் நுழைந்தாள்,
மாப்பிள்ளை வெளியே நின்றார்.

டவுன்ஹால் ரோடு மாடியில் துளசிராம்
டிஸ்க்கைக் காதோரம் வைத்துக் கேட்டான்
தர்ப்பூசணி வாங்குகிறவனைப் போல.
"டிக்டிக்குங்குதுக்கா. ஆறு மாசம் ஓடும். இல்ல ஆறு நாள்.
ஒரு டிபி வாங்கி அப்படியே குளோன் போட்ருவோம்.
ஃபாண்ட்டு, சாஃப்ட்வேரு, நீங்க டெஸ்க்டாப்புல எறைச்சு விட்டது
ஒண்ணும் இடம் மாறாது."

இரவு எட்டுக்குத் தொடங்கினோம்.
மூலம் எது, இலக்கு எது என்று கேட்டது திரை.
மாற்றிச் சொல்லிவிட்டால்
வெறுமையை அள்ளி வந்து
என் ஒன்பது வருடத்தின் மேல் எழுதிவிடுமாம்.
கேபிளைத் தொட்டுத் தொட்டுச் சொன்னான்:
இது பழசு, இது புதுசு.
சொன்ன பிறகும் ஒரு தடவை எழுந்து பார்த்தான்.

மீதி நேரம் நாலு மணி.
மீதி நேரம் பதினொரு மணி.
மீதி நேரம் ஏழு நிமிடம்.
மீதி நேரம் ஆறு மணி.
கீழே பரோட்டாக் கல்லில் கொத்தும் சத்தம்.
மேலே டிஸ்க்கின் சத்தம்.
இது நின்றால் அதில் தெரியாமல் போகுமே என்று பயந்தேன்.

தெரிந்தது.
அறுபத்து மூன்று சதவீதத்தில் நின்றது,
கீழே மட்டும் கொத்திக்கொண்டிருந்தார்கள்.
"பேட் செக்டார். திரும்பத் திரும்பப் படிச்சுப் பாக்குது, முடியல."
"அதுல என்ன இருக்கு?"
"படிக்க முடிஞ்சாத்தானக்கா தெரியும்."
தாண்டிப் போகச் சொன்னான். போனது.
பதினேழு செக்டார்.

விடிகாலையில் புதியதை மாட்டித் திறந்தோம்.
அதே வால்பேப்பர், அதே இறைசல்.
இடமும் அதே நானூற்று அறுபத்தைந்து.
பெரிய வீட்டுக்குக் குடிவந்தும்
பழைய அறையின் அளவுக்கே பாயை விரித்திருந்தது.
மிச்சம் ஒரு கறுப்புப் பட்டையாகக் கிடந்தது,
ஒதுக்கப்படாத இடம் என்று எழுதி.
நடுவில் இருந்த சின்னத் தடுப்பை
துளசிராம் கோடிக்கு நகர்த்தினான்.
பட்டை நீலமானது.

பத்து மணிக்குக் கடை திறந்து
ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டு வந்தேன்.
மொக்கச்சாமி_அஞ்சலி_ஃபைனல்_2.

மூன்று வருடம் முன்பு பெரியாஸ்பத்திரியிலிருந்து அவர் மச்சினன் போன்:
டாக்டர் கைவிரிச்சிட்டாரு,
விடியுறதுக்குள்ள போஸ்டர் ஒட்டணும்.
தேதியையும் அவரேதான் சொன்னார்.
மறுநாள் மொக்கச்சாமி எழுந்து உட்கார்ந்து
இட்லி கேட்டாராம்.

அழிக்க விரல் போனதில்லை.
அழித்தால் ஏதாவது ஆகிவிடுமோ,
வைத்திருந்தால் ஆகிவிடுமோ.
யானைக்கல்லுக்கு வாழைத்தார் ஏற்றிக்கொண்டு
தினமும் என் கடையைத் தாண்டித்தான் போகிறார்.
ஃபைல் உள்ளே இருக்க
வெளியே கையாட்டுவேன்.

இப்போது நெற்றி வந்தது. மீசை வந்தது.
ஒற்றைச் சிறகோடு புறா வந்தது.
தோற்றம்: 4.6.1961.
அதற்குக் கீழே சாம்பல் நிறம்,
போஸ்டரின் அடி வரைக்கும்.

துளசிராமுக்குப் போன் போட்டேன்.
"பழசுல இருந்து இன்னொரு தடவை முயற்சி பண்ணவாக்கா?
சில சமயம் வந்துரும்."
வேண்டாம் என்றேன். வேகமாகவே சொல்லிவிட்டேன் போல.
"சரி சரி" என்றான்.

மாப்பிள்ளையைச் சேமித்தேன். இரண்டு நொடி.
வாசலில் டிவிஎஸ் ஹாரன்,
ஆறு தார், அவற்றுக்கு நடுவே அந்த மீசை.
டிசைனுக்கு வரவேண்டிய முந்நூறு ரூபாயை
மூன்று வருடமாக யாரிடமும் கேட்க முடியவில்லை.
இனி கேட்கலாமா என்று பார்த்தேன்.
கையாட்டினேன்.