கால் மாத்திரை

கன்னியப்பன் வில்லோடு
கிரிக்கெட் கோச்சிங்கில் இரவல் வாங்கிய
வேகம் காட்டும் துப்பாக்கியையும் தூக்கி வந்தான்.
கேப்பர் மலைச் செம்மண்ணில்
முந்திரி வரிசைகளுக்கு நடுவே நின்று
தன் அம்பை விட்டான்: நூற்று எண்பத்தேழு.
என்னை விடச் சொன்னான்: நூற்று நாற்பத்தெட்டு.
"டீச்சர், இது அம்பா, மாட்டுவண்டியா?"

அவனுடையது சீவிச் சீவி ஈர்க்குச்சி ஆனது.
என்னுடையது கல்மூங்கில்,
முனையில் கொல்லன் தட்டிய அரைவிரல் இரும்பு.
"வேகமா போனா நேரா போகும்,
வானத்தைப் பார்த்துக் குறிவைக்க வேணாம்" என்றான்.
அது உண்மை.
தூரம் கூடினால் என் அம்பு
தென்னையைப் பார்த்துக் கிளம்பித் துளசியில் இறங்கும்.

வந்தது வேடர் பெருமைக்கு அல்ல,
செல்வாம்பாளின் மல்லாட்டைக் கொல்லைக்கு.
ராத்திரிக்கு ஒரு வரிசையைப்
பெருச்சாளி அறுவடை செய்கிறது.
மருந்து வைத்தால் அவள் கோழிதான் சாகும்.

வரப்பில் குந்தி
பதினைந்து மீட்டர் தள்ளி வளை வாயைப் பார்த்தபடி
மனக்கணக்குப் போட்டேன்.
கண்ணிமைக்கும் நேரம் ஒரு மாத்திரை.
அவன் அம்பு போய்ச்சேர ஒரு குறில்.
என்னுடையதற்கு அதற்கு மேல் கால்,
ஒரு மகரக்குறுக்கம்.
இதற்குத்தான் ஒரு வாரமாய்ச் சண்டை.
நாணின் ஓசைக்கோ
அந்தக் காலே அதிகம்.

மீசை தெரிந்தது. பிறகு முதுகு.
கன்னியப்பன் விட்டான்.
டங்கென்றது வில்.
பெருச்சாளி இருந்த இடத்தில்
நூற்று எண்பத்தேழு வேகத்தில்
மண் செத்தது.

கீழே சிறைச்சாலை மணி அடித்தது.
கொசு. நிலா ஏற நேரமானது.
அவன் பேசவில்லை.
என் நாணின் இரு முனையிலும்
மகளின் பழைய ஸ்வெட்டரைப் பிரித்த கம்பளி நூல்;
இருமினாலும் அது
வாயைப் பொத்திக்கொண்டுதான் இருமும்.

முக்கால் மணி கழித்துத் திரும்ப வந்தது,
அதுவோ அதன் தங்கையோ.
ஓடு உடைக்கும் சத்தம், கரக் கரக்.
தன் வாயே தன் காதை அடைத்திருந்த நேரம் பார்த்து
மாட்டுவண்டியை அனுப்பினேன்.

புகுந்து, வெளியேறி,
அந்தப் புறம் மண்ணில் நின்றது.
இரும்பில் ரத்தம்,
ரத்தத்தில் பாதி மென்ற பருப்பு.
"அதிர்ஷ்டம்" என்றான் கன்னியப்பன்.
இருக்கலாம்.
கொன்றது கனமா, கம்பளியா, மல்லாட்டையா,
எனக்கும் தெரியாது.
வேகம் இல்லை என்று மட்டும் சொல்ல வாய் வந்தது.
அவன் பைக்கில்தான் வீடு திரும்ப வேண்டும்,
விட்டுவிட்டேன்.

ராத்திரி மஞ்சக்குப்பத்தில்
இரண்டு தரம் கை கழுவிவிட்டு
விடைத்தாள் திருத்த உட்கார்ந்தேன்.
'போன்ம்' என்பதில் மகரத்துக்கு எத்தனை மாத்திரை?
ஒன்பதாம் வகுப்பு சர்மிளா எழுதியிருந்தாள்:
அரை.
கால்தான் பிசகு.
சிவப்புப் பேனா கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு அடித்தேன்.