சுவருக்குப் பின்னால் செத்தவன்

ஓட்டுப் போட்டு எடுப்பதில்லை.
லாபியில் எட்டுப் பேர் சேர்ந்ததும்
நான்கு விநாடி எல்லாம் உறையும்.
அந்த நான்கில்
ஒவ்வொரு வீடும் மற்ற ஏழு வீட்டின் கதவையும் தட்டி
இருக்கியா என்று கேட்டுவிட்டு
பதில் வரும்வரை எண்ணுகிறது.
எவர் வாசல் தாழ்ப்பாள் இல்லாமல் கிடக்கிறது,
எவர் குழாயில் வெளியே தள்ளும் வேகம் அதிகம்,
போன ஆட்டத்தில் பாதியில் ஓடிப்போனது யார்.
பொருத்தம் பார்ப்பது போலத்தான்.
தோஷத்துக்குப் பரிகாரம் மட்டும் கிடையாது.

பெரும்பாலும் என் பெயர் வரும்.

கொளத்தூரில் வண்ணமீன் கடை எனக்கு,
கடைக்கு மேலே ஒற்றை அறை.
கேபிள் தனசேகர் இழுத்த ஃபைபர்
முருங்கையில் ஒரு சுற்று,
காதுகுத்து பேனர் கம்பியில் ஒரு சுற்று சுற்றி
ஏசிக்குப் போட்ட ஓட்டை வழியே உள்ளே வருகிறது.
ஏசி இன்னும் வாங்கவில்லை.
கீழே நாற்பது தொட்டிக்குக் காற்று ஊத
கடன்பட்டு வாங்கிய யுபிஎஸ்ஸில்
மேலே ரௌட்டரும் கம்ப்யூட்டரும்
ஒட்டிக்கொண்டு உயிர்வாழும்.
இவ்வளவுதான் என் தகுதி.
குறி பார்த்துச் சுடுவதில் நான் சுமார்.

ஹோஸ்ட் ஆனவருக்குத் தாமதம் என்றால் என்னவென்று தெரியாது.
நான் அமுக்குவதும் குண்டு பாய்வதும் ஒரே மூச்சு.
மற்றவர் எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடியும்
என் அறைவரை நடந்து வந்து
நான் பார்த்த பிறகே நடந்ததாகும்.

எண்ணூர் எபனேசர்
அனல்மின் நிலையத்தில் காண்ட்ராக்ட் வேலை முடித்து
மொபைல் டேட்டாவில் வருவான்.
"அக்கா, நான் சுவருக்குப் பின்னால போயிட்டேன்.
போனப்புறம் சுட்டே."
"போகலடா. பார்த்துக்கிட்டுதானே இருந்தேன்."
ஒரு அறுபது தடவை இருக்கும்.
பல்லாவரம் மெஹருன்னிசா சொல்வாள்,
எபியோட சுவர் எப்பவும் லேட்டாத்தான் வரும்.
நானும் சிரித்திருக்கிறேன்.

கார்த்திகை மழையில் ஒருநாள்
பதினொன்றேகாலுக்கு டிரான்ஸ்பார்மர் வெடித்தது.
ஆட்டம் பாதியில்.
யுபிஎஸ் முதலில் பொறுமையாகக் கூவியது,
ஒரு மணி நேரம் கழித்து அவசரமாக.
டார்ச்சோடு கீழே இறங்கினேன்.
டிஸ்கஸ் நான்கும் நீர்மட்டத்துக்கு வந்து
வாயைத் திறந்து திறந்து மூடின.
பேட்டரியில் ஒரு கோடு.
மேலே ஏழு பேர்
ஒரு பாலத்துக்காக அடித்துக்கொண்டிருந்தார்கள்.
பாலம், பாலத்துக்குக் கீழே ஓடும் ஆறு, மலை
எல்லாம் என் பிளக்கில்.

பிடுங்கினேன்.

கைபேசி வழியாகத் திரும்ப நுழைந்தபோது
புதிய ஹோஸ்ட் தேடப்படுகிறது என்றது திரை.
குதித்தவன் ஆகாயத்தில் அப்படியே நின்றான்.
ஊரில் பாதி லைன் அறுந்து கிடந்த ராத்திரி அது.
நான்கு விநாடி நாற்பதாக நீண்டு
பல்லாவரம், ஆவடி, வேளச்சேரி என்று தட்டிப் பார்த்து
எண்ணூரில் போய் நின்றது.

மலை வந்தது. பாலம் வந்தது.
எதிரணியில் ஒருவன் என்னைப் பார்த்துவிட்டான்.
ஓடினேன். சுவரைத் தாண்டி, குனிந்து,
செங்கல்லில் முதுகு ஒட்ட உட்கார்ந்து
மூச்சுகூட விட்டாயிற்று.
பிறகு செத்தேன்.
சுவரில் ஒரு கீறல் இல்லை.

"எபி, நான் பின்னால போயிட்டேன்டா."
அவன் பக்கம் தகரத்தில் மழை.
"போகலக்கா. பார்த்துக்கிட்டுதானே இருந்தேன்."
கிண்டல் இல்லை அந்தக் குரலில்.
அவன் திரையில் நான்
இன்னும் வெட்டவெளியில் ஓடிக்கொண்டிருந்திருப்பேன்.

அந்த அறுபதைப் பற்றி
ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுத்தேன்.
அதற்குள் அடுத்த ரவுண்டு தொடங்கிவிட்டது,
டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு
குமிழி வருகிறதா என்று வேறு பார்க்க வேண்டியிருந்தது.

ஒன்றரைக்குக் கரண்ட் வந்தது.
ரௌட்டரைச் செருகவில்லை.
விடியும்வரை எபனேசர் பதினேழு பேரைச் சுட்டான்.
அதில் ஆறு நான்.