ஈரம் கழித்த நிறை

ஆலைக்கு வரும் நெல்லை நிறுப்பவள் நான்.
தராசு ஒன்றைச் சொல்லும்,
ஈரமானி இன்னொன்றைச் சொல்லும்.
பதினாலுக்கு மேல் ஈரம் என்றால் கழிவு.
பதர் கிடந்தால் அதற்கும் கழிவு.
முரசுமோட்டைக்காரர் சத்தம் போடுவார்கள்,
"நிறை நிறைதானே தங்கச்சி?"
இல்லை அண்ணை என்பேன்,
பேனையை வைக்காமல்.

அப்படிப்பட்ட நான்தான்
பரந்தன் சந்தியில், இரும்புக்கடையின் மேல்மாடியில்,
காலை ஐந்தரைக்குப் பெண்களுக்கென்று விட்ட நேரத்தில்
தராசில் ஏறி நின்று
எழுபத்தொன்று, திரும்பவும் எழுபத்தொன்று என்று
மூன்று மாதமாய் மூஞ்சையைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

சீனியை விட்டாயிற்று.
இரண்டு குழல் புட்டு ஒன்றாயிற்று.
அவித்த முட்டை, கௌபி,
இரணைமடுவிலிருந்து சைக்கிளில் வரும் மீன்,
அதுவும் பொரிக்காமல்.
மகன் கோப்பையைப் பார்த்துவிட்டு
"ஆருக்கம்மா காய்ச்சல்?" என்றான்.

வெறும் கம்பியே இருபது கிலோ.
முதல் நாள் அதோடு குந்திவிட்டு
எழும்பத் தெரியாமல் இருந்தேன்,
அடைகிடக்கும் கோழி மாதிரி.
றெக்சன் ஓடிவந்து கம்பியை வாங்கினான்.
ஆலையில் மூட்டை ஏற்றும் நாட்டாமைமாருக்கு
எப்படியோ கதை போய்விட்டது.
"காசு குடுத்தோ இரும்பு தூக்குறாய்?
இஞ்சால வா, நாங்கள் காசு தாறம்."

நிறை குறையவில்லையே என்று றெக்சனிடம் அழுதேன்.
"கொழுப்பு இறங்குது, தசை ஏறுது,
ரெண்டும் ஒண்டா நடக்குது அக்கா.
பழகின உடம்புக்கு லேசில கிடைக்காது.
நீங்கள் புதுசு."
முப்பத்தொன்பது வயதில்
ஒருவன் என்னைப் புதுசு என்றான்.
தொடை நடுங்க, சுவரைப் பிடித்துப் பிடித்து
பதினெட்டுப் படியும் இறங்கினேன்,
சிரித்துக்கொண்டு.

வவுனியாவிலிருந்து ஒரு நாள் மெஷின் வந்தது.
வெறுங்காலோடு ஏறிக் கைபிடியைப் பிடித்தால்
மெல்லிய மின்சாரம் உள்ளே ஓடி
தண்ணீர் எவ்வளவு, தசை எவ்வளவு,
கொழுப்பு எவ்வளவு என்று பிரித்துத் தருமாம்.
என்னுடைய ஈரமானி!
படிவத்தில் ஆறாவது கேள்வி:
உடலில் உலோகம் உண்டா?
ஓம் என்று புள்ளடி போட்டேன்.

"பிளேட்டோ அக்கா, ஸ்குரூவோ?"
துண்டு.
"எத்தினை?"
எடுத்தது ரெண்டு. மிச்சம் எண்ணேல்லை.
பொடியன் பேனையைத் திறந்தான், மூடினான்.
அந்த வருசம் அவனுக்கு
நாலு வயது இருந்திருக்கும்.
"கணக்குக் கொஞ்சம் பிழைக்கலாம்" என்றான்.
பிழைக்கட்டும் என்று ஏறினேன்.

கடதாசியில் எல்லாம் வரிசையாய் வந்தது.
முதுகுக்குள் கிடப்பதைக்
கொழுப்பில் போட்டதோ, எலும்பில் போட்டதோ,
அதற்கென்று நிரல் இல்லை.
நானும் கேட்கவில்லை.
அது கேளாமல் ஏறிய இரும்பு.
இது நான் ஒவ்வொரு தட்டாய் எண்ணிப் பூட்டுவது.
பத்துத் தரம் தூக்கினால்
இறக்கி வைக்கலாம்.

நேற்றுத் தையல்கார ஜெசிந்தா
என் சாரிச் சட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.
"இடுப்பில ரெண்டு விரல் பிடிக்கவேணும்,
கையில ஒரு விரல் விடவேணும்.
வேற ஆற்றையோ சட்டையைக் கொண்டந்திட்டீர்."
எழுபத்தொன்றுதான் என்றேன்.
"என்ன எழுபத்தொண்டு?" என்றாள்.

இன்று காலபோக நெல்.
உழவு மெஷின் வரிசை தெருவரைக்கும் நிற்கிறது.
முதல் மூட்டைக்குள் ஈரமானியைக் குத்தினேன்.
பன்னிரண்டரை.
கழிவில்லை அண்ணை என்றேன்,
அவர் வாயைத் திறக்க முதல்.
பிறகு என்ன நினைத்தேனோ,
இடுப்பை இறக்கி, முதுகை நிமிர்த்தி,
தராசிலிருந்து மூட்டையை நானே தூக்கினேன்,
நாட்டாமைமார் பீடியை வாயில் வைத்தபடி பார்த்து நிற்க.

பாதித் தூரம்தான் போனேன்.
மிச்சத்துக்கு ஒருவர்
பீடியை எறிந்துவிட்டு வந்தார்.