முறைக் குறியீடுகள்

எட்டாம் வகுப்பு, ஆ பிரிவு. முப்பத்தோரு பேர்.
அளவுநாடா பள்ளியில் ஒன்றுதான்,
அதுவும் பி.டி. சார் பீரோவில், சாவி அவர் ஊரில்.
ஆகவே காலால் அளக்கச் சொன்னேன்:
நூறு எட்டுக்கு ஒரு சென்டிமீட்டர்.

யாருடைய எட்டு என்று சொல்ல மறந்துவிட்டேன்.

கிருபாகரனின் ஊர் உள்ளங்கையில் அடங்கிவிட்டது.
ஓடி அளந்திருக்கிறான்.
குடத்தோடு நடந்து எண்ணிய லோகேஸ்வரிக்கு
அதே ஊர் சார்ட்டைத் தாண்டிப் போய்
இன்னொரு தாள் ஒட்டவேண்டி வந்தது.
இரண்டும் சரி என்று டிக் போட்டேன்.
வேறென்ன செய்ய.

வடக்கைக் காட்டு என்றால்
நகரி மலையின் மூக்கைக் காட்டுகிறார்கள்.
திசைகாட்டியைத் தரையில் வைத்தேன்,
முள் கேட்கவில்லை.
எங்கள் பள்ளிக்கூடத்து வடக்கு
கொஞ்சம் கிழக்கே சாய்ந்தது.

மாநில எல்லைக்குப் புத்தகத்தில் கோடு, புள்ளி, கோடு.
வெங்கடமுனி அதை
மாமன் கரும்புக்காட்டு நடுவரப்பில் போட்டிருந்தான்.
"இந்தப் பக்கம் மோட்டார் ஓடுறப்ப
அந்தப் பக்கம் கரண்ட் இருக்காது டீச்சர்."
செல்போன் ஆந்திராவுக்கு வரவேற்கிற வேப்பமரத்துக்குத்
தனியாக ஒரு வட்டம்.
நாகபூஷணம் எல்லையே வரையவில்லை.
மாடு ஓட்டிப் போகிறவன்.
"தேடிப் பாத்தேன் டீச்சர், அங்க இல்ல."

ஆற்றுக்கு என்ன நிறம்?
தண்ணீர் ஓடினால் நீலம், வறண்டால் கறுப்பு,
சர்வே தாளில் அப்படித்தான் என்றேன்.
"அப்போ கார்த்திகையில நீலம், மாசியில கறுப்பா?"
வகுப்பு சிரித்தது.
கொசத்தலையாறு சன்னலுக்கு வெளியே
எந்த நிறமும் இல்லாமல் கிடந்தது.

முனிலட்சுமி மட்டும் எதுவும் கேட்கவில்லை.
ஆற்றைக் கறுப்பில் முடித்தாள்.
பக்கத்துப் பையனிடம்
சிவப்பும் நீலமுமாய் இரண்டு முனை உள்ள பென்சிலை வாங்கி
சிவப்பைச் சீவிக்கொண்டாள்.

அவள் தாளின் மூலையில், குறிப்புப் பெட்டி:
சதுரம், பள்ளி.
கூட்டல் குறி, ஊசி போடும் இடம்.
டக்டக் என்று எழுதிய கட்டம், தறி வீடு.
வட்டத்துக்குள் வட்டம், போன வருசம் ஒரு ஆள் பள்ளம்,
இப்போ மூணு ஆள்.
சிவப்புப் புள்ளிக்கோடு, மணல் லாரி,
ராத்திரி ரெண்டு மணிக்கு மேல்.

கோடு ஆற்றில் இறங்கி
சுடுகாட்டைச் சுற்றி
செக்போஸ்டுக்கு முதுகு காட்டி
செங்கல் சூளைக்குப் பின்னால் நின்றது.
திசை சரி. அளவு சரி.
தலைப்புக்கு அடிக்கோடு, அதுவும் ஸ்கேல் வைத்து.

கண்காட்சியைத் திறக்க வருகிறவர்
பிள்ளைகளுக்குப் பெஞ்சு வாங்கிக் கொடுத்தவர்.
லாரியும் அவருடையதுதான்.
இதை நான் எந்தத் தாளிலும் குறித்ததில்லை.

பத்துக்குப் பத்து போட்டேன்.
பிறகு ரப்பரை எடுத்தேன்.

சிவப்புப் பென்சில் சுலபத்தில் போகாது.
பதினாலு வருசம் சாக்பீஸ் பிடித்தும்
அன்று ராத்திரிதான் தெரிந்தது.
தேய்க்கத் தேய்க்கத் தாள்தான் இளைத்தது.
டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பிடித்தால்
அவள் அழுத்தின இடமெல்லாம்
டயர் தடம் மாதிரி.

வந்தார். ரிப்பன் வெட்டினார்.
கிருபாகரன் ஊரைப் பார்த்து "சின்னதா அழகா இருக்கு" என்றார்.
முனிலட்சுமியின் தாளருகே நின்றார்.
"இங்க ஏதோ ரோடு போகுதே, புதுசா?"

வரைபடத்தை எப்படி வாசிப்பது என்று
நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்:
முதலில் தலைப்பு, அப்புறம் திசை,
புரியாவிட்டால் குறிப்பைப் பார்.

அவள் பெட்டியில் விரலை வைத்தாள்.
கோட்டை அழித்தவள்
பெட்டியை மறந்திருந்தேன்.

அவர் சட்டைப்பையில்
மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.