கொம்புகள் உட்பட

லிப்னவா நீதிமன்ற வட்டம்
இன்று எந்த வரைபடத்திலும் இல்லை.
இருந்தபோது அதற்குப் பதினொரு ஊர்,
ஒரு நீதிபதி, ஆற்றில் பாதி.
மீதிப் பாதி வேறொரு அரசருடையது.
பாலத்தின் நடுப்பலகையைத் தாண்டிய திருடன்
நின்று நிதானமாய்ச் சுருட்டுப் பற்றவைப்பானாம்,
இந்தப்பக்கம் சேவகன் மூச்சிரைக்க.

நான் நோட்டரியின் எழுத்தர்.
பழைய நிலப்பதிவேட்டைக்
கணினியில் ஏற்றுவது வேலை.
417-இன் கீழ் 2: புல்வெளி.
உடைமை: ஓஷ்போல்ட் ருத்தார்.
பாத்தியதை: மோஹோர் வேலுஷ்செக்கின் பசு
புனித கிரிகோரி நாள்தொட்டு முதல் பனிவரை
ஊற்றுக்குக் குறுக்கே போகலாம்.
எவ்வளவு அகலத்தில் என்று எழுதவில்லை.
வழக்கு அந்த இடத்தில் பிறந்தது, 1887-இல்.

நீதிபதி கிராட்ஸில் படித்தவர்,
செம்பட்டை மீசை, தீராத சளி.
ஸ்லோவேனியத்தில் வந்த சாட்சியத்தை
ஜெர்மனில் எழுதி,
சந்தேகப்பட்ட சொல்லை மட்டும்
இத்தாலியத்தில் ஓரமாய்க் குறித்துவைத்தார்.
பிறகு பசுவையே வரச்சொன்னார்.
முற்றத்தில் நாடா பிடித்தார்கள்.
"வயிற்றை அளப்பதென்றால்," என்றார் ருத்தாரின் வக்கீல்,
"சினை வயிறா, வெறும் வயிறா?"
தீர்ப்பு ஒரே வரி:
ஒரு பசு, கொம்புகள் உட்பட.

மேல்முறையீடு திரியெஸ்தே போய்த் திரும்புமுன்
பசு செத்துப்போனது.
அடுத்த பசுவுக்குக் கொம்பு விரிந்தது.

பிறகு போர்முனை இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து
இரண்டரை வருஷம் படுத்துக்கொண்டது.
கோப்புகளைச் சாராயப் பீப்பாய்களில் அடைத்து
மலைக்கு அந்தப்பக்கம் அனுப்பினார்கள்.
திரும்பி வந்தவற்றில்
இன்றும் பிளம் வாடை.

புது அரசு ஊரைத் தில்லியானோ என்றது.
ருத்தார் ருத்தாரி ஆனார்.
வேலுஷ்செக்கை என்ன செய்வதென்று
அதிகாரிக்குப் பிடிபடவில்லை,
வெலுசி என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போனார்.
1923-இல் வட்டத்தையே கலைத்தார்கள்.
ஆணை நாலே வரி.
நாற்காலி பதினாறு, கணப்பு ஒன்று,
சிலுவை ஒன்று, கால் ஆடும் மேஜை ஒன்று
பக்கத்து வட்டத்துக்குக் கைமாறின.
பட்டியலில் வழக்கு இல்லை.

அப்புறம் இன்னொரு போர்.
பக்கம் 46-க்கு அடுத்தது 49.
நடுவிலிருந்த இரண்டு பக்கத்தைக் கேட்டு
இதுவரை யாரும் வந்ததில்லை.

1947. சுண்ணாம்பு வாளியோடு வந்தவர்கள்
புல்வெளிக்கும் ஊற்றுக்கும் நடுவே கோடிழுத்தார்கள்.
பசு இந்த நாட்டில், தண்ணீர் அந்த நாட்டில்.
வேலுஷ்செக்கின் மருமகள் ஜோர்கா
அனுமதிச்சீட்டு வாங்கினாள்.
பெயர். வயது. அங்க அடையாளம்.
உடன் வருவோர்: பசு ஒன்று.
திரும்பும்போது காவல்காரப் பையன்
கொம்புகளுக்கிடையே தடவித் தடவிப் பார்ப்பான்.
காப்பிக்கொட்டை மடிக்குப் பின்னால்
கட்டியிருக்கும்.

நீதிமன்றக் கட்டடம் கூட்டுறவுக் கடையானது,
இப்போது பல் மருத்துவமனை.
வாயைத் திறக்கச் சொன்னால்
பழைய ஆட்கள் சிலர்
முதலில் தகப்பன் பெயரைச் சொல்கிறார்களாம்.

நேற்று ஜோர்காவின் பேத்தி தியானா வந்தாள்.
பசு இல்லை. பால்கூட ஓட்ஸ் பால்தான்.
சைக்கிள் வாடகைக்கு விடுகிறாள்.
ருத்தார் நிலத்தை வாங்கிய மியூனிக்காரர்
வேலி போடப்போகிறார்,
வழி இன்னும் செல்லுமா என்றாள்.
செல்லும் என்றேன்.
எத்தனை மீட்டர் என்றாள்.

'அகலம்' என்ற கட்டத்தில் எண் மட்டுமே ஏறும்.
கொம்புகள் என்று அடித்தால் சிவக்கிறது.
மூன்று தரம் அடித்தேன்.

மத்தியானம் அங்கே போனேன், நாடா இல்லாமல்.
சுண்ணாம்புக் கோட்டை மழை எப்போதோ தின்றிருந்தது.
சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு
இரண்டு கையையும் தலைக்குமேல் வளைத்து
ஊற்றுவரை நடந்தேன்.
இடது கை ஒரு ஆப்பிள் கிளையில் இடித்தது.
வலதுபக்கம், வேலிக்கு இறக்கிய கம்பிச்சுருள்
இன்னும் பிரிக்காமல் கிடக்கிறது.